துவாலு நிதி அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்: உங்க காசுல உங்க கடலைப் போடுங்க

மரியாதைக்குரிய துவாலு அரசாங்கத்துக்கும், காசு விஷயம் பாக்குற நிதி அமைச்சகத்து அதிகாரிங்களுக்கும் தூத்துக்குடியிலேர்ந்து வணக்கம்.

இத தமிழ்ல எழுதுறதுக்கு காரணம் இருக்கு. உங்க நாட்டு பேரு போட்ட வெள்ளிக் காசுங்கள வாங்கி பிளாஸ்டிக் கேப்ஸ்யூலுக்குள்ள வச்சு பூட்டி வைக்கிறவங்க எங்க ஆளுங்கள்லயும் இருக்காங்க, அவங்களும் இத படிக்கணும்னு நினைக்கிறேன். இங்கிலீஷ்ல ஒரு பிரதி எழுதி தனியா தபால்ல உங்க தலைநகரம் ஃபுனாஃபுட்டிக்கு அனுப்புறேன். அது வந்து சேர எத்தனை மாசம் ஆனாலும் பரவால்ல.

நான் 25 வருஷமா காசு சேக்குறவன். டீலர் கிடையாது, லாபத்துக்கு வாங்கி விக்கிற ஆளும் கிடையாது. எனக்கு துவாலுங்கிற பேரு தெரிஞ்சதே ஒரு காசாலதான். எங்க சித்தப்பா சரக்குக் கப்பல்ல வேலை பாத்தாரு, ஜெர்மன்காரங்க கம்பெனி கப்பல், அதுல அவரு கூட உங்க நாட்டு ஆள் ஒருத்தரும் இருந்திருக்காரு, உங்க அமதுகு தீவுல இருக்கிற கப்பல் பயிற்சிப் பள்ளியில படிச்சுட்டு வந்தவராம். ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, ஆனா மீன் குழம்பு விஷயத்துல ஒத்துப் போச்சுன்னு சித்தப்பா சொல்லுவாரு. கப்பல விட்டு இறங்குற அன்னைக்கு அந்த மனுஷன் சித்தப்பா கையில ஒரு 50 சென்ட் காசு வச்சு அழுத்தியிருக்காரு. பின்பக்கம் எட்டு கையும் விரிச்சிட்டு ஒரு ஆக்டோபஸ். வீட்டுக்கு வந்ததும் அத எனக்கு குடுத்து, இது கடல் நடுவுல இருக்கிற ஒரு நாடுடா, மொத்தமே 26 சதுர கிலோமீட்டர்தானாம், மொத்த ஜனமும் 11,000 பேர்தானாம்னு சொன்னாரு. எங்க ஊரு பனிமய மாதா கோயில் தேர் அன்னைக்கு ரோட்டுல நிக்கிற கூட்டத்துல ஒரு மூலைக்கு கூட காணாது அந்த எண்ணிக்கை. அவ்வளவு சின்ன நாட்டுக்கு தனிக் காசு இருக்குங்கிறத அன்னைக்கு நைட்டு பூரா யோசிச்சிட்டு கிடந்தேன்.

அப்புறம் அந்த செட்ட முழுசா தேடிச் சேக்க எனக்கு கிட்டத்தட்ட 4 வருஷம் ஆச்சு. 1976ல நீங்க முதல் முதலா போட்ட 7 காசு, அதாவது சுதந்திரம் கிடைக்கிறதுக்கு 2 வருஷம் முன்னாடியே, கில்பர்ட் தீவுங்கள்லேர்ந்து பிரிஞ்சு வந்த கையோட, உங்க பேருக்குன்னு ஒரு அடையாளம் வேணும்னு போட்ட காசு. ஏழும் கைக்கு வந்த அன்னைக்கு எங்க ஆச்சிகிட்ட கொண்டு போய் காட்டினேன். ஆச்சி மீன் ஏலத்துல கூடை வாங்கி தெருத்தெருவா வித்து பிள்ளைங்கள வளத்தவ, எழுதப் படிக்கத் தெரியாது, கண்ணும் அப்போ பாதி மங்கிப் போச்சு. ஒவ்வொரு காசா வாங்கி கட்டைவிரலால தடவிப் பாத்து, பேரு சொல்லிக்கிட்டே வந்தா. ஒரு சென்ட்ட தடவிட்டு "இது ஐவிரல் சங்குல்லா"ன்னா. ரெண்டு சென்ட் திருக்கை. அஞ்சு சென்ட் புலிச்சுறா. பத்து சென்ட் நண்டு. இருபது சென்ட்ட கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பி பாத்துட்டு "ஏல, இது பறவைக் கோலா, ரெக்கை இருக்கு பாரு"ன்னு சிரிச்சா. ஐம்பது சென்ட் பேய்க்கணவாய். கடைசியில ஒரு டாலர் காசு, ஆமை. அத மட்டும் நெஞ்சு கிட்ட வச்சுக்கிட்டு, இந்த ஊரு ஆளுங்க நம்ம ஆளுங்கதாம்லேன்னு சொன்னா.

துவாலு எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாது, பசிபிக்னா என்னன்னும் தெரியாது. ஆனா அந்த ஏழு காசும் அவகிட்ட பேசிருச்சு. ஒரு கடக்கரை ஜனம் இன்னொரு கடக்கரை ஜனத்துக்கு சொல்ல வேண்டியத அந்த காசு சொல்லிருச்சு. அந்த டாலர் காசோட ஓரத்துக்கு 9 பக்கம், உங்க தீவும் 9, இத கவனிச்சப்போ எனக்கு புல்லரிச்சுது.

இப்போ எதுக்கு எழுதுறேன்னு சொல்றேன்.

அந்த செட்டுக்கு அப்புறம் துவாலு பேரு போட்ட வேற காசு என்னென்ன இருக்குன்னு கேட்டலாக்க புரட்ட ஆரம்பிச்சேன். 2006ல ஒரு வெள்ளிக் காசு, ஒரு டாலர், மேல கலர்ல ஒரு சிலந்தி, ரெட்பேக்னு சொல்ற ஆஸ்திரேலியா சிலந்தி. மொத்தமே 5,000தான் அடிச்சாங்க, அதனால இன்னைக்கும் விலை எகிறிப் போய் கிடக்கு. 2009ல பார்பி பொம்மையோட 50ம் வருஷத்துக்கு ஒரு காசு. அதே வருஷம் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்னு படத்துல வர்ற ரோபோ. 2017ல ஸ்பைடர்மேன், அது 50,000 அடிச்சாங்க. அப்புறம் அமெரிக்க கார்ட்டூன்ல வர்ற ஹோமர் சிம்ப்சன், ஜேம்ஸ் பாண்ட் 007, கருங்கொடி கட்டின கடற்கொள்ளைக்காரங்க கப்பல். எல்லாத்துலயும் ஒரு பக்கம் எலிசபெத் ராணி முகம், துவாலுன்னு பேரு, ஒரு டாலர்னு மதிப்பு.

இந்த வியாபாரம் எப்படி நடக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணும்னு இல்ல, ஆனா இத படிக்கிற எங்க ஊர்க்காரங்களுக்காக சொல்றேன். ஒரு வட்டமான வெள்ளித் துண்டுல ஸ்பைடர்மேன் படம் போட்டா அது வெறும் மெடல். அதுலயே ஒரு நாட்டோட பேரும் ஒரு முகமதிப்பும் போட்டு, அந்த நாட்டு சட்டம் இது செல்லும் காசுன்னு சொல்லிட்டா, அது நாணயம் ஆயிடும், சேக்கிறவங்களுக்கு அதோட மவுசே தனி. அதனால பெரிய மிண்ட்டுங்க, அதாவது காசு அடிக்கிற ஆலைங்க, ஒரு பக்கம் படக் கம்பெனிகிட்ட படத்துக்கு லைசன்ஸ் வாங்குவாங்க, இன்னொரு பக்கம் சின்ன நாட்டுகிட்ட பேருக்கு அனுமதி வாங்குவாங்க, நாட்டுக்கு ராயல்டி போகும். காசு ஆஸ்திரேலியாவுல பெர்த்ல அடிச்சு, அங்கேர்ந்தே பெட்டி பெட்டியா ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போயிரும். உங்க ஊர்ல கடையில புழங்குறது ஆஸ்திரேலியா டாலர். ஒரு அவுன்ஸ் வெள்ளியில ஒரு டாலர்னு எழுதியிருந்தா, அந்த வெள்ளி விலையே அதுக்கு எத்தனையோ மடங்கு இருக்கும்போது அத எவன் கொண்டு போய் ஒரு டாலருக்கு அரிசி வாங்குவான். அதனால உங்க பேரு போட்ட காசு உங்க மண்ண மிதிக்காமலே உலகம் சுத்துது.

உங்கள மட்டும் சொல்லல. நியுவே தீவுல 2,000 பேரு கூட கிடையாது, 2011லேர்ந்து ஸ்டார் வார்ஸ் காசு அவங்க பேர்லதான் வருது, அப்புறம் டிஸ்னி. அத அடிக்கிற நியூசிலாந்து மிண்ட்டும் பேரப் பாத்தா அரசாங்க மிண்ட் மாதிரி இருக்கும், ஆனா தனியார் கம்பெனி. மார்ஷல் தீவுங்கள எடுத்துக்கங்க, 1946லேர்ந்து 1958 வரைக்கும் அமெரிக்கா அங்க 67 அணுகுண்டு வெடிச்சு சோதனை பண்ணிச்சு, பிகினி தீவு ஜனங்க ஊரையே விட்டு போனாங்க. அந்த நாட்டு பேர்ல 1988ல வந்த 5 டாலர் காசுல இருந்தது அமெரிக்காவோட டிஸ்கவரி விண்வெளி ஓடம். 1993ல அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. அந்த காச கையில வச்சிருக்கும்போது எனக்கு மனசு ரொம்ப பாரமா இருந்துச்சு, இத ஒளிக்க வேண்டியதில்ல.

என் தங்கச்சி மக, 9 வயசு, லீவுக்கு வந்தா என் ஆல்பத்த எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு காசா கேள்வி கேப்பா. காந்தி போட்ட காசு, இது யாரு, என்ன பண்ணாருன்னு கேப்பா, சொல்லுவேன். கென்யா காசுல கென்யாட்டா, சொல்லுவேன். போன மே மாசம் துவாலு பக்கத்துக்கு வந்துட்டு ஸ்பைடர்மேன் காசு மேல விரல வச்சு, "மாமா, இவரு இந்த ஊருக்கு என்ன பண்ணாரு?"ன்னு கேட்டா. விளையாட்டா கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா, ஏன்னா காசுல படம் இருந்தா அந்த ஆளு அந்த ஊருக்கு ஏதோ செஞ்சிருக்கணும்னு நான்தான அவளுக்கு சொல்லிக் குடுத்தது. என்கிட்ட பதில் இல்ல. ஆக்டோபஸ் காச எடுத்து அவ கையில குடுத்து, இந்த ஊரு இதுதான்டா கண்ணுன்னு சொன்னேன்.

நீங்க ஏன் இத செய்றீங்கன்னு எனக்கு புரியாம இல்ல. உங்களுக்கு விக்கிறதுக்கு மண்ணு கிடையாது, மலை கிடையாது, தாது கிடையாது, பவளப் பாறை மேல இருக்கிற கொஞ்சம் மணலும் தென்னை மரமும்தான். வெளிநாட்டுக் கப்பல்கிட்ட வாங்குற மீன்பிடி லைசன்ஸ் பணம், டாட் டிவின்னு முடியுற இணைய முகவரிய வாடகைக்கு விட்டு வர்ற பணம், வெளிநாட்டு உதவி, கப்பலுக்கு போன பிள்ளைங்க அனுப்புற பணம், இதுலதான் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஓடணும். இப்படி இருக்கிற நாடு, பேருக்கு யாராச்சும் காசு தர்றேன்னு வந்தா வாங்கத்தான் செய்யும். எங்க க்ளப்ல சில பேரு "பேர வித்து பொழைக்கிற நாடு"ன்னு ஏளனமா சொல்லுவாங்க, அவங்ககிட்ட ஒவ்வொரு தடவையும் நான் சண்டைக்கு போயிருக்கேன். பசிச்சவன் வீட்டு அடுப்பப் பத்தி பக்கத்து வீட்டுக்காரன் பேசக்கூடாது.

ஆனாலும் ஒண்ணு சொல்லணும், இது ஏற்கனவே ஒரு தடவை உங்களுக்கு நடந்துருக்கு. தபால்தலையில. 1970கள் கடைசியில துவாலு தபால்தலைன்னா உலகம் பூரா ஆசையா வாங்குனாங்க. அப்புறம் 1984லேர்ந்து, நாட்டு பேரு போதாதுன்னு நுய், வைதுபு, நனுமேயான்னு ஒவ்வொரு தீவு பேர்லயும் தனித்தனியா தபால்தலை வந்துச்சு. படம் என்னன்னா ரயில் எஞ்சின், பழைய கார். ஒரு அடி தண்டவாளம் கூட இல்லாத நாடு உங்க நாடு. அச்சடிச்ச வெளிநாட்டுக் கம்பெனி வாரி வாரி இறக்குனதுல சேக்கிறவங்களுக்கு சலிச்சுப் போச்சு, மதிப்பு விழுந்துச்சு, இன்னைக்கும் அந்த தலைங்கள கட்டு கட்டா சில்லறை விலைக்கு வாங்கலாம், நானே வாங்கியிருக்கேன். அதுல நஷ்டப்பட்டது அந்தக் கம்பெனி பேரு இல்ல, உங்க பேரு. துவாலு தபால்தலையான்னு கேட்டு ஆளுங்க ஆல்பத்த மூடுற நிலைமை வந்துச்சு. காசும் அந்த பாதையில போயிறக் கூடாதுன்னுதான் எனக்கு பயம்.

இன்னொரு பயமும் இருக்கு, அது இதவிட பெருசு. 2021ல உங்க அமைச்சர் சைமன் கோஃபே கோட்டு டை போட்டுக்கிட்டு முழங்கால் அளவு கடல் தண்ணிக்குள்ள நின்னு பேசுனத நான் ஃபோன்ல பாத்தேன், அவரு நின்ன இடம் முன்னாடி தரையா இருந்துச்சுன்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் நாட்டையே டிஜிட்டலா படி எடுத்து வைக்கப் போறோம்னு சொன்னீங்க. 2023ல அரசியல் சட்டத்த திருத்தி, நிலம் போனாலும் துவாலு ஒரு நாடா நிலைச்சு இருக்கும்னு எழுதி வச்சீங்க. அப்படி ஒரு வரிய சட்டத்துல எழுத வேண்டிய நிலைமை வேற எந்த நாட்டுக்கும் வரக்கூடாது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவோட ஃபலெபிலி ஒப்பந்தம், வருஷத்துக்கு 280 பேரு அங்க போய் வாழலாம், 2025ல முதல் குலுக்கலுக்கு குடும்பத்தோட சேத்து 8,000 பேருக்கு மேல பேர் குடுத்தாங்கன்னு படிச்சேன். 11,000 பேருல 8,000.

கடல்கோள்னு எங்க தமிழ்ல ஒரு வார்த்தை இருக்கு. கடல் ஊர எடுத்துக்கிறது. பாண்டியன் நாட்ட கடல் கொண்டுச்சுன்னு எங்க பழைய நூலுங்க சொல்லுது, சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்த கதை. அந்த பாண்டியன்ல ஒருத்தனுக்கு பெருவழுதின்னு பேரு, சங்கப் பாட்டுல வருவான், ஆனா ரொம்ப காலம் பாட்டுல மட்டும்தான் இருந்தான். அப்புறம் ஒரு சின்ன சதுரமான செப்புக் காசு கிடைச்சுது, பழங்காசு ஆராய்ச்சியாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அத கழுவிப் பாத்து படிச்சாரு, தமிழ் பிராமி எழுத்துல "பெருவழுதி"ன்னு எழுதியிருக்கு. ஒரு பக்கம் குதிரை, தொட்டிக்குள்ள ஆமை, மறுபக்கம் பாண்டியனோட மீன் சின்னம். 2,000 வருஷத்துக்கு மேல ஆன காசு. அரண்மனை இல்ல, கோட்டை இல்ல, சுண்டுவிரல் நகம் அளவு செம்புத் தகடு மட்டும் மிச்சம் இருந்து, இப்படி ஒருத்தன் இருந்தான்னு சாட்சி சொல்லிச்சு. ஆமை அவன் காசுலயும் இருக்கு, உங்க டாலர்லயும் இருக்கு, அதப் பாத்துட்டு நான் ரெண்டையும் ஒரே பக்கத்துல வச்சிருக்கேன், பெருவழுதிது ஒரிஜினல் இல்ல, ஃபோட்டோ, ஒரிஜினல் வாங்க எனக்கு வசதி கிடையாது.

காசு அழியாதுங்க. காகிதம் போயிரும், கம்ப்யூட்டர்ல இருக்கிறதும் எத்தனை நாளைக்கோ. உலோகம் மண்ணுக்குள்ள கிடந்து திரும்ப வரும். ஆயிரம் வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் எங்கயோ தோண்டும்போது துவாலுன்னு எழுதின ஒரு காசு வந்துச்சுன்னா, அதுல இந்த ஊரு ஜனங்க யாருங்கிறதுக்கு ஒரு தடயம் இருக்க வேண்டாமா? உங்க பேருக்கு பின்னாடி ஹோமர் சிம்ப்சன் முகம் இருந்தா அவன் உங்களப் பத்தி என்னத்த தெரிஞ்சுக்குவான்?

போடுறதுக்கா உங்ககிட்ட விஷயம் இல்ல? உங்க ஊர்க் கதைய நான் படிக்க படிக்க பிரமிச்சுப் போனேன். அடியில இருக்கிற எரிமலைத் தீவு மெல்ல அமுங்க அமுங்க மேல பவளம் வளந்துதான் பவளத் தீவு உருவாகுதுன்னு டார்வின் சொன்னது சரியா தப்பான்னு பாக்க 1896லேர்ந்து 1898 வரைக்கும் லண்டன் ராயல் சொசைட்டிங்கிற அறிவியல் சங்கத்து ஆளுங்க ஃபுனாஃபுட்டிக்கு வந்து துளை போட்டாங்க, 1,114 அடி, அவ்வளவு ஆழத்துக்கும் பவளச் சுண்ணாம்புதான், அடிமட்டப் பாறை தட்டல, டார்வின் சொன்னதுக்கு அது பலமா நின்னுச்சு. அறிவியல் சரித்திரத்துல உங்க தீவுக்கு அப்படி ஒரு இடம் இருக்கு, ஒரு காசு போடலாம், அந்த துளை கருவியும் குறுக்கு வெட்டுல பவளமும், எவ்வளவு அழகா வரும். 1943 ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போடும்போது ஃபுனாஃபுட்டி சர்ச்சுக்குள்ள நூத்துக்கணக்கான ஜனங்க ஒதுங்கியிருந்தாங்க, ஒரு அமெரிக்க கார்ப்பரல் உள்ள போய் கெஞ்சி அத்தனை பேரையும் வெளிய பதுங்குகுழிக்கு கூட்டிட்டு போனாரு, கொஞ்ச நேரத்துல சர்ச்சு மேல குண்டு விழுந்துச்சு. இது காசுக்குரிய கதை இல்லன்னா வேற எது?

கொள்ளைக்கார கப்பல் காசு போட்டாங்களே, அதப் பாக்கும்போது எனக்கு 1863 ஞாபகம் வந்துச்சு. அந்த வருஷம் பெரு நாட்டுக்கு ஆள் பிடிக்கிற கப்பல் உங்க நுகுலேலேக்கும் ஃபுனாஃபுட்டிக்கும் வந்து, ஆச வார்த்தை சொல்லி ஜனங்கள ஏத்திட்டு போயிட்டாங்க, நுகுலேலேல ஊரே காலி ஆன மாதிரி ஆச்சு, போனவங்க திரும்பல. உங்க கரைக்கு வந்த நிஜமான கொள்ளைக் கப்பல் அதுதான். கரீபியன் கடல்ல சுத்துன எவனோ ஒருத்தன் கப்பலுக்கு உங்க பேர்ல வெள்ளிக் காசு இருக்கு, நுகுலேலே தாய்மாருக்கு ஒண்ணு இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க, இத எழுதும்போது எனக்கு கை நடுங்குது, எங்க ஊருகள்லேர்ந்தும் இதே மாதிரி இலங்கைத் தோட்டத்துக்கும் ஃபிஜிக்கும் மொரீஷியசுக்கும் கப்பல் ஏத்திட்டு போனாங்க, அந்த வலி எங்களுக்கும் தெரியும்.

இன்னும் எவ்வளவோ இருக்கு. குழி தோண்டி இலை தழை போட்டு புலாகா கிழங்கு வளக்குறீங்க, இப்போ அந்த குழியில உப்புத் தண்ணி ஏறி கிழங்கு அழுகுது. ராத்திரி படகுல தீப்பந்தம் பிடிச்சுக்கிட்டு பறக்குற கோலாவ வலையில ஏந்துறீங்க. ஃபாதேலே ஆட்டம். சாயங்காலம் ஆனா ப்ளேன் வராத நேரத்துல ஏர்போர்ட் ரன்வேயில பிள்ளைங்க பந்து விளையாடுது, பெரியவங்க காத்து வாங்குறாங்க, உலகத்துல வேற எங்க இருக்கு இது.

இப்படி போட்டா விக்குமான்னு மிண்ட்காரங்க கேப்பாங்க. விக்கும். பலாவு 1992ல கடல் உயிர்ங்கள காப்பாத்தணும்னு கலர் காசு போட்டுச்சு, கலர் காசுங்கிற வழக்கமே அதுலேர்ந்துதான் பெருசாச்சு, அவங்க கடல், அவங்க மீனு, பல வருஷம் தொடர்ந்து வந்துச்சு, இன்னைக்கும் தேடி வாங்குறாங்க. குக் தீவுக்காரங்க 1972லயே தங்களோட பழைய கடவுள் டங்காரோவ டாலர் காசுல போட்டாங்க, சேக்கிறவன் யாரைக் கேட்டாலும் குக் தீவுன்னா முதல்ல அந்த டங்காரோவத்தான் சொல்லுவான். பிட்கேர்ன் தீவுல மொத்தமே 50 பேரு அளவுதான், அவங்க காசுல பவுண்ட்டி கப்பலோட நங்கூரம் இருக்கு, அது அவங்க முன்னோர் வந்த கப்பல். உங்களோட அந்த 1976 செட்டையே பாருங்க, கேட்டா எங்க ஊரு டீலருங்க கையில சுலபத்துல சிக்காது. எனக்கு 4 வருஷம் ஆச்சுன்னு சொன்னேன்ல.

அதனால நான் கேக்குறது இதுதான். ஸ்பைடர்மேன் வேண்டாம்னு சொல்லல, அந்த வருமானம் உங்களுக்கு வேணும், வரட்டும். ஆனா அடுத்த தடவை மிண்ட்டோட ஒப்பந்தம் போடும்போது ஒரு வரி சேருங்க, வருஷத்துக்கு இத்தனை படக் கம்பெனி காசு அடிச்சா அதே வருஷம் துவாலு விஷயத்துல குறைஞ்சது ஒரு காசு அடிக்கணும், அந்தப் படத்த உங்க ஊரு ஆளுங்க வரைஞ்சு தரணும், நுய்லயும் நனுமங்காலயும் இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட போட்டி வச்சுக் கூட எடுக்கலாம். அதுல உங்க பாஷையில ஒரு வரியாச்சும் இருக்கணும், ஃபலெபிலின்னா பக்கத்து வீட்டுக்காரன சொந்தமா பாத்துக்கிறதுன்னு அர்த்தமாம், அந்த ஒரு வார்த்தைய காசோட விளிம்புல போட்டாக் கூட போதும். சர்ட்டிபிகேட்னு ஒரு அட்டை வருதே, அதுல படக் கம்பெனி கதைதான் பக்கம் பக்கமா இருக்கு, துவாலு எங்க இருக்கு, யாரு வாழுறாங்கன்னு நாலு வரி சேக்கச் சொல்லுங்க, வாங்குறவன் அங்கயாச்சும் உங்க பேரப் படிப்பான். எத்தனை காசு அடிச்சாங்க, நாட்டுக்கு எவ்வளவு வந்துச்சு, அந்தப் பணம் கடல் சுவருக்குப் போச்சா பள்ளிக்கூடத்துக்குப் போச்சான்னு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிடுங்க, அத பாத்தா எங்கள மாதிரி ஆளுங்க இன்னும் மனசார வாங்குவோம். அப்புறம், அடிக்கிற ஒவ்வொரு துவாலு காசுலயும் கொஞ்சத்த சாதாரண உலோகத்துல அடிச்சு உங்க ஊரு பிள்ளைங்க கையில ஆளுக்கு ஒண்ணு குடுத்துருங்க, 11,000 காசு ஒரு மிண்ட்டுக்கு பெரிய வேலை இல்ல. நாளைக்கு அந்தப் பிள்ளை பிரிஸ்பேன்லயோ மெல்போர்ன்லயோ வளந்தாலும், பெட்டிக்குள்ள தன் ஊரு ஆமை இருக்கும்.

எங்க ஊரு காசு சேக்கிற அண்ணன் தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கு ஒரு டீலர் துவாலு காசு ஒண்ண "ரேர் பீஸ், அடுத்த வருஷம் டபுள் ஆகும்"னு சொல்லி வெள்ளி விலைக்கு மேல 4 மடங்கு வாங்கிட்டாரு. அது டபுளும் ஆகல, பாதியும் தேறல. ஆனா எனக்கு உறுத்தினது அந்தப் பணம் இல்ல. அந்த காச வாங்கி 6 மாசம் வரைக்கும் அதுல இருக்கிற நாட்டுப் பேர நான் சரியாக் கூட படிக்கல. என்கிட்ட ஏற்கனவே ஆக்டோபஸ் காசு இருந்தும், இது அதே நாடுன்னு எனக்கு உறைக்கல. படத்துக்கு வாங்குனேன், மின்டேஜுக்கு, அதாவது மொத்தம் எத்தனை அடிச்சாங்கங்கிற கணக்குக்கு வாங்குனேன். நீங்களும் உங்க ஆல்பத்த எடுத்துப் பாருங்க, நியுவே, துவாலு, டொகெலாவ், நவ்ரு, எத்தனை இருக்கு, அதுல எத்தனை நாட்ட மேப்புல விரல் வச்சு காட்ட முடியும்னு பாருங்க. துவாலுவோட சொந்த விஷயத்துல காசு வந்தா வாங்குங்க, டீலர்கிட்ட அதையே கேளுங்க. நாம கேட்டாத்தான் அவன் மிண்ட்டுகிட்ட கேப்பான்.

ஆச்சி போய் 8 வருஷம் ஆச்சு. அவ நெஞ்சுல வச்சுப் பாத்த அந்த ஒம்பது மூலை டாலர் என் மேசை மேல இருக்கு. இங்கிலீஷ் பிரதியோட 7 காசையும் ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஆச்சி சொன்ன தமிழ்ப் பேர எழுதி வச்சு அனுப்புறேன். உங்க பாஷையில அந்த ஏழுக்கும் என்ன பேருன்னு யாராச்சும் எழுதி அனுப்புனீங்கன்னா, ஆல்பத்துல பக்கத்துலயே எழுதி வச்சுக்குவேன், தங்கச்சி மகளும் கேட்டுக்கிட்டே இருக்கா.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலேர்ந்து காசு சேக்குற ஒருத்தன்